லங்காவியில் பந்தி விசாரிப்பு

கும்பகோணத்தில் ஒரு சின்னப் பயண நிறுவனத்தில் டூர் மேனேஜராக இருக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்களைச் சேர்த்து மலேசியாவுக்கு அழைத்துப் போவது என் வேலை. கோலாலம்பூர், பத்துமலை பார்த்துவிட்டு அப்படியே லங்காவித் தீவு. கேபிள் காரில் ஏற்றுவதோ, லைஃப் ஜாக்கெட் மாட்டிப் படகில் உட்கார வைப்பதோ இந்த வேலையில் கஷ்டமான பகுதி இல்லை. அதற்கெல்லாம் டிக்கெட் உண்டு, வரிசை உண்டு, பார்த்துக்கொள்ள அங்கேயே ஆள் உண்டு. ராத்திரி கடற்கரை ஓட்டலில் எல்லாரையும் உட்கார வைத்து, அவரவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதைச் சாப்பிட வைத்து, மனம் நிறைந்து எழுந்திருக்கச் செய்வதுதான் வேலை. மற்ற எதில் குறை வந்தாலும் மறந்துவிடுவார்கள். சாப்பாட்டில் மனம் கோணினால் அது ஊர் வரைக்கும் கூடவே வரும்.

எங்களோடு வருகிறவர்களில் நிறையப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கைக்கு வந்தபிறகு மாசி, பங்குனியில் கிளம்புவார்கள். லங்காவியிலும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை குறைவு என்பதால் இரண்டும் ஒத்துப்போகிறது. பலருக்கு டிக்கெட் பணம் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை அனுப்பியதாக இருக்கும். வெளியில் சாப்பிடுவது என்றால் இவர்களுக்கு இரண்டு விதம்தான் பழக்கம்: பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டிபன், காபி, இல்லையென்றால் கல்யாணப் பந்தி.

நம் பக்கத்துப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்தவர் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். கேட்கிற நிலைமை வந்தால் அது விருந்து வைத்த வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு. அதற்காகவே பந்தி விசாரிக்க ஒரு பெரியவர் நிற்பார். “ரசம் போடச் சொல்லட்டுமா? அந்தக் கடைசி இலைக்கு அப்பளம் வரலை பாருப்பா” என்று வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருப்பார். இப்படியே வளர்ந்தவர் லங்காவியில் ஒரு மேஜை முன்னால் உட்காருகிறார். மெனு அட்டையை மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருப்பார். சர்வர் பையன் வந்து நிற்பான். இவர் அவனைப் பார்த்துச் சிரிப்பார். கூட்ட நேரம், அவன் அடுத்த மேஜைக்குப் போய்விடுவான். கொஞ்ச நேரம் கழித்து “எனக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி, பசிக்கலை” என்பார்.

வெளிநாட்டில் ஒரு பெரியவர் பசிக்கவில்லை என்றால் நான் நம்புவதே இல்லை. விலை புரிந்திருக்காது. என்ன கறி என்று தெரியாது. பிள்ளை அனுப்பிய பணத்தில் இவ்வளவு கொடுத்து ஒரு தட்டுச் சோறு சாப்பிடுவதா என்று இருக்கும். கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்றும் இருக்கும். ஆயுசு முழுக்க நெல் விளைவித்துப் பத்துப் பேருக்குச் சோறு போட்ட மனுஷர், ஒரு சாப்பாட்டு மேஜையில் சிறுத்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. பந்தி விசாரிக்கிற அந்தப் பெரியவரின் இடத்தில் நின்றால்தான் என் வேலை வேலையாகும். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குள் அடக்கம்.

லங்காவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தொண்ணூற்றொன்பது தீவுகள் சேர்ந்த கூட்டம் அது. பெரிய தீவுதான் லங்காவி. கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் அந்தக் கெடாதான். 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் படை போன இடம். அதற்கு முன்னால் ராஜராஜன் காலத்திலேயே, கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியிருக்கிறான். பஸ்ஸில் இதைச் சொன்னால் நாகப்பட்டினத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1987-லிருந்து லங்காவி சுங்கவரி இல்லாத தீவு. 2007-ல் யுனெஸ்கோவின் புவிப்பூங்காப் பட்டியலில் சேர்ந்தது. சாக்லேட் கடைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அங்கே யாருக்கும் வழிகாட்டி வேண்டியதில்லை.

கூட்டம் எல்லாம் பந்தாய் செனாங் கடற்கரையில்தான். ஒரே சாலை, இரண்டு பக்கமும் ஓட்டல்கள், தங்கும் விடுதிகள், நடுவில் வாடகை ஸ்கூட்டர்கள். சூரியன் மறைய ஏழரை ஆகும். அதுவரை மணலில் இருந்த கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து சாப்பிட வரும். ஏழரையிலிருந்து ஒன்பது வரை எந்த ஓட்டலிலும் நிதானமாக ஒரு வார்த்தை கேட்க முடியாது. நம் ஆட்களுக்கு வேண்டியதோ அந்த நிதானம் ஒன்றுதான்.

இதற்கு வழி கடிகாரத்திலேயே இருந்தது. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஏழு மணி என்றால் ஊரில் நாலரை. விடுதியில் பரப்பி வைத்திருக்கும் டிபன் பாதிப் பேருக்கு இறங்காது. அங்கே பிற்பகல் மூன்றுக்கு ஊரில் பன்னிரண்டரை, அப்போதுதான் பசி வந்து கத்தும். அந்த நேரத்தில் பல சமையலறைகள் மூடியிருக்கும். இரவும் அதே கணக்கு. ஏழரைக்கு நம் உடம்பு சாயங்காலம் ஐந்து மணி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே காலையில் சீக்கிரம் எழுப்புவதில்லை. மூன்று மணிச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவேன். சூரியன் மறையும்போது டீயும் தட்டையும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்பதரைக்குத்தான் போவோம். கூட்டம் வடிந்திருக்கும், நம் ஆட்களுக்கும் சரியாக ஊர்ப் பசி வந்திருக்கும். சர்வருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.

மீன் ஓட்டல்களில் ஐஸ் பரப்பி மீனை வாசலிலேயே அடுக்கியிருப்பார்கள். சில இடங்களில் தொட்டியில் உயிரோடு நீந்தும். அட்டையில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் நூறு கிராமுக்கு. இதைக் கவனிக்காமல் மீன் சொல்லிவிட்டு, பில் வந்ததும் முகம் வெளுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஓட்டலில், பெயர் வேண்டாம், நாங்கள் கேட்காமலே மேஜையில் வைத்த வேர்க்கடலைக்கும் ஈரத்துணிக்கும் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருந்தார்கள். எடை எவ்வளவு என்று கேட்டதற்கு அந்தச் சீட்டே இல்லை என்றார்கள். அந்த வாசலை அதன்பிறகு நாங்கள் மிதிக்கவில்லை. இப்போது மீனை நம் கண்முன்னால் தராசில் வைக்கச் சொல்வோம். எத்தனை கிராம், மொத்தம் எத்தனை ரிங்கிட் என்று தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் அது சமையலறைக்குள் போகும். நல்ல ஓட்டல்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

முத்துப்பேட்டைப் பக்கத்து ஐயா ஒருவர். மூன்று நாளும் பேசாமல் வந்தவர். அன்று ஐஸ் மேஜை முன்னால் நின்றதும் ஆளே மாறிப்போனார். ஒரு மீனின் செவுளை விரலால் நெம்பிப் பார்த்தார். நிறம் மங்கியிருந்தது, விட்டுவிட்டார். அடுத்ததின் வயிற்றில் கட்டைவிரலை அழுத்தினார். அழுத்திய இடம் உடனே மேலே எழும்பியது. கண்ணைப் பார்த்தார். “தம்பி, இது கொடுவா. நம்ம லகூன்ல கிடைக்கிற அதே மீன். இது கூண்டுல வளர்த்தது, வயித்துக் கொழுப்பைப் பாரு. ஆனா நல்லாருக்கு, இதை எடு” என்றார். அங்கே அதற்கு சியாக்காப் என்று பெயர். கிலிம் அலையாத்திக் காட்டுக்குள் மிதவைக் கூண்டுகளில் அதை வளர்ப்பதை மறுநாள் படகில் போய்ப் பார்க்கவும் செய்தோம். தொட வேண்டாம் என்று ஓடி வந்த பையன், அவர் பார்க்கிற விதத்தைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சமையல்காரரையே கூட்டிவந்துவிட்டான். ஒருவர் மலாயில் கேட்க, ஒருவர் தமிழில் சொல்ல, நான் நடுவில் நின்றேன். மீன் எலுமிச்சை, பூண்டு, ஊசி மிளகாய் போட்டு ஆவியில் வெந்து வந்தது. “குழம்பு வைக்கிற மீனை அவிச்சுட்டாங்களே” என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார். தலையை அவருக்கே வைத்தோம். கன்னச் சதை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பு, ஒன்றையும் விடவில்லை. அதற்கப்புறம் எல்லா மேஜைக்கும் மீன் அவர்தான் பொறுக்கினார்.

சைவக்காரர்கள் பாடு வேறு. மயிலாடுதுறைப் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், முட்டைகூடத் தொடாதவர். கோலாலம்பூரில் முதல் இரவே ‘கீரை’ என்று சர்வர் சொல்ல, தட்டில் பச்சையாக வள்ளைக்கீரை வதக்கல் வந்தது. அங்கே காங்குங் என்பார்கள். அம்மா குனிந்து ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். அதில் பிளாச்சான் போட்டிருந்தது. கூனி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, இடித்து, காயவைத்துச் செய்யும் பொருள் அது; அங்கே சம்பால் என்ற மிளகாய்த் துவையலுக்கும் பல கீரை வதக்கலுக்கும் அதுதான் உயிர். சர்வர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கறித்துண்டு இல்லாதது கீரைதான். நாசி லெமாக் என்று தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு வருகிறதே, அதன் ஓரத்திலும் வறுத்த நெத்திலி இருக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. இறால் இல்லாமல், பிளாச்சான் இல்லாமல், நெத்திலி இல்லாமல், முட்டை இல்லாமல், மீன் சாஸ் இல்லாமல் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இதை மலாயில் அச்சடித்து ஒரு சின்ன அட்டையாக எல்லாச் சைவக்காரர் கையிலும் கொடுத்திருக்கிறேன். மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு இன்னொரு அட்டை. டீச்சரம்மா லங்காவியில் அந்த அட்டையைத் தானே எடுத்து சர்வரிடம் நீட்டினார். அவன் படித்துவிட்டு உள்ளே போய்க் கேட்டு வந்து, பூண்டும் உப்பும் மட்டும் போட்ட கீரை தரலாம் என்றான். அம்மா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மாமாக் கடைகள் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள். நள்ளிரவு தாண்டியும் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம் கேட்கும்; கூடவே பருப்புக் குழம்பு, ஆற்றி நுரைத்த டீ. செனாங்கில் அப்படி ஒரு கடையில் மேஜை துடைக்க வந்த பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு “எந்த ஊருங்க?” என்றான். அவன் பட்டுக்கோட்டைப் பக்கம். அவ்வளவுதான், கூட்டமே அவனைச் சுற்றிக்கொண்டது. யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்குக் குழம்பு கெட்டியாக வேண்டும் என்று அவனே கேட்டுக் கேட்டுக் கொண்டுவந்தான். “இன்னொண்ணு போடச் சொல்லட்டுமாம்மா?” என்று அவன் கேட்டபோது, அதுவரை பசிக்கவில்லை என்று உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஆளுக்கு மூன்று ரொட்டி சாப்பிட்டார்கள். கிளம்பும்போது ஒரு அம்மா அவனிடம், “நீ சாப்பிட்டியாப்பா?” என்றார். கடை மூடின பிறகுதான் என்றான். காலையிலிருந்து நிற்கிறான். அம்மா கைப்பையிலிருந்து அதிரசப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு வந்தார். அந்த மாதிரிப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில்தான் இவர்களில் பலர் விமானம் ஏறியிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் அன்றைக்கு அவரவர் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு.

செனாங்கை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் வயல். எருமை மேயும், கொக்கு நிற்கும். கெடா மாநிலம்தான் மலேசியாவின் நெற்களஞ்சியம். கடற்கரைப் பக்கத்திலேயே நெல்லுக்கென்று லாமான் பாடி என்ற காட்சிக்கூடமும் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்குக் கடலைவிட இதுதான் பிடிக்கிறது. கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து, ரகம் என்னவாக இருக்கும் என்று வாதாடுவார்கள். பாடாங் மட்சிராட் என்ற ஊரில் எரிந்த நெல் வயல் என்று ஓர் இடம் உண்டு. 1821-ல் சயாம் படை வந்தபோது எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று தீவின் நெல்லையெல்லாம் ஓரிடத்தில் குவித்துக் கொளுத்தியதாகச் சொல்கிறார்கள். வேறு ஊர்ப் பயணிகள் அங்கே ஐந்து நிமிஷம்தான் நிற்பார்கள். எங்கள் குழு நகராது. சனங்க அப்புறம் எதைச் சாப்பிட்டாங்க, விதைநெல்லாவது மிச்சம் வச்சாங்களா என்று கேட்பார்கள்.

இப்போது சில வருஷமாக மாசி, பங்குனியில் ரமலான் நோன்பும் வந்துவிடுகிறது. 2025-ல் மலேசியாவில் மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது. பகலில் மலாய்க்காரர் கடைகள் பலவும் மூடியிருக்கும். சாயங்காலம் நோன்புச் சந்தையில் நிற்க இடம் இருக்காது. அந்த முறை எங்கள் பஸ் ஓட்டுநர் நோன்பு. அவர் முன்னால் தண்ணீர் குடிக்கவே நம் பெண்கள் கூசினார்கள். என்னைக் கேட்காமலே அவர்களாக முடிவெடுத்து, ஒரு நாள் ஒன்பதரைச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றிக்கொண்டார்கள். சந்தையில் வாங்கிய பலகாரங்களை வைத்துக்கொண்டு காத்திருந்து, பாங்கு சொன்னதும் முதலில் அவருக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். பந்தி விசாரிக்க அன்று என் துணையே யாருக்கும் தேவைப்படவில்லை.

அடுத்த குழு திருவாரூர்ப் பக்கம், அறுவடை முடிந்ததும் கிளம்புகிறது. புறப்படுவதற்கு முந்தின வாரம் ஒரு கூட்டம் வைப்போம். நூறு கிராம் கணக்கை மீன் கடைத் தராசு வைத்தே விளக்குவேன், அட்டைகளைக் கொடுப்பேன், பிளாச்சான் ஒரு துண்டைக் கையிலேயே கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வேன். ரைஸ் குக்கர் எடுத்துவரலாமா என்று இப்போதே போன் வருகிறது. பல விடுதிகளில் அறைக்குள் சமைக்க விட மாட்டார்கள், அது வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் தாராளமாகக் கொண்டுவரலாம். ஊறுகாயை மட்டும் நன்றாகக் கட்டி, கையில் வைத்துக்கொள்ளும் பையில் போடாமல் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.