அம்மாவுக்கு எலும்பு (போன்) ஸ்கேன்: சேலம் நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025

அம்மாவுக்கு ரெண்டு தொடையிலும் வலி. புடவை உரசினாலே துடிக்கிறார். தோலில் வலைப்பின்னலாய் ஊதாக் கோடுகள். இடது பக்கம் அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது. "டயாலிசிஸ்னா இதெல்லாம் இருக்கும் கண்ணு" என்று அம்மாபேட்டையிலிருந்து வந்த பெரியம்மா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

கிட்னி டாக்டர் அப்படி விடவில்லை. இதயத்துக்காகச் சாப்பிடும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைப் பற்றி விசாரித்தார், பாஸ்பரஸ் ரிப்போர்ட்டைப் புரட்டினார். கால்சிஃபைலாக்சிஸாக இருக்கலாமாம். தோலுக்கடியில் ஓடும் பொடி ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்து அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாமல் மேல்தோல் செத்துவிடும். டயாலிசிஸ் செய்பவர்களிலும் அபூர்வம்தான். தோலைக் கொஞ்சம் வெட்டி பயாப்ஸி பார்க்கலாம். ஆனால் ரத்த ஓட்டமில்லாத இடத்தில் கத்தி வைத்தால் அதுவே ஆறாத புண்ணாகிவிடலாம். அதனால் முதலில் போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன்.

தோலில் நோவு, எலும்புக்கு எதற்கு ஸ்கேன் என்று தம்பி கேட்டான். எனக்கும் அதே சந்தேகம்.

பிப்ரவரி 12

ஸ்கேன் எடுத்த பையன் பொறுமைசாலி. தம்பியின் கேள்வியை அவனிடம் கேட்டேன். ஊசியில் போவது டெக்னீஷியம்-99எம் என்ற கதிர்வீச்சுப் பொருள், எம்.டி.பி. என்ற, பாஸ்பேட்டைப் போன்ற மருந்தோடு சேர்த்தது. அது கால்சிய உப்பு புதிதாகப் படியும் இடத்தைத் தேடிப்போய் ஒட்டும். சாதாரணமாக அந்த இடம் எலும்பு. தோலுக்கடியில் கால்சியம் படிந்தால் அங்கேயும் ஒட்டும், கேமராவில் தெரியும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கதிர்வீச்சு பாதியாகிவிடும் என்பதால் மருந்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. அன்றன்றைக்குத் தயார் செய்வதுதான்.

சுவரில் "நிறையத் தண்ணீர் குடிக்கவும்" என்று எழுதியிருந்தது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டிய அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. மற்றவர்களுக்கு ஊசி போட்டு 3 மணி நேரத்தில் படம். அம்மாவுக்குக் கிட்னி வடிகட்டாததால் மருந்து ரத்தத்திலேயே தங்கிப் படத்தை மங்கலாக்குமாம். அம்மாவை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். காலையில் 'ஐந்து ரோடு' பக்கம் சாப்பிட்ட ரெண்டு இட்லியோடு, முனகாமல் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 13

எலும்புகள் மட்டும் கறுப்பாய்த் தெரியவேண்டிய படத்தில் ரெண்டு தொடைச் சதையும் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தன. அடிவயிற்றிலும் ஒரு திட்டு. அங்கே இன்னும் வலியே வரவில்லை. ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டோம், சுத்தமாக வந்திருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். வலி, தோல், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுவதால் பயாப்ஸி வேண்டாம்.

பெரியம்மா படத்தைப் பார்த்து, "அட சாமி, இத்தனையுமா!" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மா இத்தனை நாள் வாயால் சொன்னதும் இதைத்தானே.

பிப்ரவரி 15

வார்ஃபரினுக்குப் பதில் வேறு மாத்திரை. பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுத்த கால்சியம் கலந்த மாத்திரையும் போய், அதே வேலைக்குக் கால்சியம் இல்லாத செவலமர் வந்திருக்கிறது. டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் சோடியம் தயோசல்பேட், 25 கிராம், ரத்தக்குழாய் வழியாக. செவ்வாய்பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சித்தப்பா சீட்டைப் பார்த்துவிட்டு, "இது ஹைப்போடா! டார்க் ரூம்ல பிரிண்ட் போட்டதும் இதுலதான் முக்குவோம்" என்றார். நர்ஸைக் கேட்டேன். அதே உப்புதான், ஊசிக்கென்று சுத்தம் செய்தது.

பிப்ரவரி 22

ஹைப்போ ஏறும்போதெல்லாம் அம்மாவுக்குக் குமட்டல். மெதுவாக ஏற்றினால் தாங்குகிறார். இடது தொடையில் தோல் லேசாக உரிந்திருக்கிறது, டிரெஸ்ஸிங் நடக்கிறது. வலது பக்கம் புடவை பட்டால் இப்போது அவ்வளவாகக் கத்துவதில்லை. பாலை நிறுத்தியதுதான் பெரிய சண்டை: "கால்சியத்தை ஊசியில கரைக்கறாங்களாம், எனக்கு அரை டம்ளர் காபி ஆகாதாம்."