காற்றாடிமலையும் வடக்கன்குளமும்

ஆரல்வாய்மொழியில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்க, சேலைத் தலைப்பையும் செபமாலையையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு காற்றாடிமலைக்கு ஏறினேன். 1752 ஜனவரி 14 அன்று புனிதர் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் இது.

கூட்டமெல்லாம் மணியடிச்சான் பாறையைச் சுற்றித்தான். சிறு கல்லால் தட்டினால் கணீரென்கிறது. அவர் உயிர் பிரிந்த நேரத்தில் பாறை ஒன்று மணிபோல் ஒலித்தது என்பது மக்கள் நம்பிக்கை. பிள்ளைகள் தட்டி முடிக்கும்வரை காத்திருந்து நானும் தட்டினேன். தட்டாமல் யாரால் வர முடியும்?

ஆனால் எனக்கு இந்தப் புனிதர்மேல் ஒட்டுதல் வந்தது பாறையாலோ துப்பாக்கியாலோ அல்ல. அவர் வேலைக்குப் போன மனிதர். குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை. திருவிதாங்கூர் மன்னரிடம் உத்தியோகம் பார்த்த குடும்பஸ்தர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு அதே மன்னரின் படைக்குத் தளபதியான, முன்பு டச்சுப் படையிலிருந்த டிலனாயோடு அவருக்குப் பழக்கம். வீட்டில் மாடுகள் சாவதும் பொருள் நஷ்டமாவதுமாக நீலகண்டன் (அப்போது அவர் பெயர் அதுதான்) சோர்ந்து போயிருந்தபோது, டிலனாய் அவருக்கு எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னாராம். பிரசங்கம் கேட்டு மனம் மாறியவர் அல்ல. கூட வேலை பார்த்தவர், 'ஏன் முகம் வாடியிருக்கு?' என்று விசாரித்ததில் தொடங்கிய விசுவாசம். நம் அலுவலகங்களில் தினமும் எத்தனை வாடிய முகங்களைத் தாண்டிப் போகிறோம்!

1745இல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். அப்புறம் நடந்தவை தெரிந்ததே: 1749இல் கைது, எருக்கம்பூ மாலை, எருமைமேல் ஊர்வலம், புண்ணில் மிளகாய்ப்பொடி. மதம் மாறியதோடு, சாதி பார்க்காமல் எல்லாரோடும் கலந்து பழகியதும் அரண்மனையில் பலரை உறுத்தியது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' விடப்பட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மலையிலிருந்து இறங்கி வடக்கன்குளம் போனேன். யாத்திரை வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டாறு பேராலயத்திலுள்ள அவருடைய கல்லறைக்குத்தான் போகிறார்கள். எனக்கென்னவோ வடக்கன்குளத்தைத் தவிர்க்கக் கூடாது என்று பட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து ஒரு கோயிலைக் கால்சட்டை வடிவில் கட்டினார்கள். இரண்டு கால்கள், ஒன்றில் ஒரு பகுதிச் சாதியார், மற்றதில் மற்றவர்கள். இரண்டும் கூடுகிற இடத்தில் பீடம். திருப்பலி நிறைவேற்றும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்தாருக்கு அந்தப் பக்கத்தார் தெரியமாட்டார்கள். 1910இல்தான் தடுப்பை இடித்தார்கள். அதுவும் சும்மா நடக்கவில்லை, பெரிய சச்சரவே மூண்டது.

முழந்தாளிட்டேனே தவிர, செபம் ஓடவில்லை. மறைசாட்சி என்றால் குண்டடிபட்டுச் சாவது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தாகிவிட்டது. நம்மை யாரும் சுடப்போவதில்லை. பக்கத்தில் யார் உட்காரலாம், நம் வீட்டுத் தட்டில் யார் சாப்பிடலாம், பெண் யாருக்குக் கொடுக்கலாம்... நம்முடைய சோதனை அந்த அளவில்தான் வருகிறது. அதில் நாம் தேறுகிறோமா என்று கேட்டால், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட இன்னும் இடம் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது, கூட வந்து நின்ற ஒரு அக்கா அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். கையிலிருந்த பொரிகடலையில் பாதியைக் கொடுத்தார். மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். "நீங்க எந்த ஆளுங்கம்மா?" என்றார். என் பங்குக் கோயிலின் பெயரைச் சொன்னேன்.

"அது சரிம்மா, நான் அதைக் கேக்கல" என்றார்.