ஒன்றரை ஷிப்டும் முப்பது மணி நேரமும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் பணியாளர் பிரிவில் இருக்கிறவனுக்குக் கனடாவோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்கலாம். சில வருசங்களுக்கு முன்புவரை ஒன்றும் இருந்ததில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ், ஹாஸ்டல் பிள்ளைகளின் காய்ச்சல், சரக்கு வாங்குகிற பையரின் ஆடிட்டுக்கு முந்தின நாள் தீயணைப்புக் கருவிகளைத் துடைத்து வைப்பது, இவ்வளவுதான் என் உலகம். இப்போது அதில் பிராம்ப்டன், விண்ட்சர், ஹாமில்டன் என்ற ஊர்களும் சேர்ந்துவிட்டன. வேலையை விட்டுப்போய் வருசக்கணக்கானவர்கள் திடீரென்று வாட்ஸ்அப்பில் வருவார்கள். "நல்லாருக்கீங்களா சார்? ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேணுங் சார். பி.ஆர்.க்குங்." பி.ஆர். என்றால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் மெர்ச்சண்டைசர்கள், அதாவது ஒரு ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கப்பல் ஏறும்வரை பார்த்துக்கொள்கிறவர்கள். கோவையிலோ ஈரோட்டுப் பக்கமோ டெக்ஸ்டைல் படித்துவிட்டு இங்கே மூன்று நான்கு வருசம் வேலை பார்த்தவர்கள். அப்புறம் பேங்க் லோன், அடமானத்துக்குத் தோட்டத்துப் பத்திரம், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு காலேஜில் இரண்டு வருசப் படிப்பு. படிப்பு முடிந்ததும் அந்த நாடு ஒரு வேலை அனுமதி கொடுக்கிறது. அதிகபட்சம் 3 வருசம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அந்தக் காலத்துக்குள் தகுதியான வேலை தேடி, அதில் ஒரு வருசம் நின்று, ஆங்கிலத் தேர்வு எழுதி, மார்க் போட்டுப் பி.ஆர்.க்கு ஆள் எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி வரிசையில் பெயரைப் போட வேண்டும். மார்க் எட்டினால் அழைப்பு வரும். வந்த 60 நாளுக்குள் எல்லாக் காகிதமும் போய்ச் சேர வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த 60 நாளுக்குள் நின்றுகொண்டிருப்பவர்கள்.

இவர்களில் பலரைக் கிளப்பிவிட்டது ஒரே ஒரு செய்தி. 2021 பிப்ரவரியில், கொரோனாவால் வெளியிலிருந்து ஆள் வர முடியாத நேரத்தில், கட்ஆஃப் 75 என்று இறங்கி 27,332 பேரை ஒரே நாளில் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அடித்த யோகம் அது. அதைக் கேட்டு இங்கிருந்து புறப்பட்டவர்கள் படித்து முடித்து வேலைக்குப் போவதற்குள் கட்ஆஃப் 500-ஐத் தாண்டிவிட்டது. 2025-க்கு 5 லட்சம் பேருக்குப் பி.ஆர். என்று வைத்திருந்த இலக்கை 2024 அக்டோபரில் 3,95,000 என்று குறைத்தார்கள். கையில் வேலை உறுதிக் கடிதம் இருந்தால் கிடைத்துக்கொண்டிருந்த 50 மார்க்கையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஏஜென்சிக்காரர்கள் இன்னும் 2021 கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கம்பெனியில் அனுபவக் கடிதத்துக்கு ஒரு பழைய மாதிரி உண்டு. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பக்கத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர அது போதும். கனடாவுக்கு அதில் தேதி மட்டும்தான் உதவும். லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். என்ன பதவி, என்னென்ன வேலை செய்தார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருசச் சம்பளம் எவ்வளவு, கூடுதல் சலுகை என்ன, கையெழுத்துப் போடுகிறவர் யார், அவரை எந்த போனில் எந்த மெயிலில் பிடிப்பது, எல்லாம் வேண்டும். நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

முத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. எங்களிடம் மூன்று வருசத்துக்கு மேல் மெர்ச்சண்டைசராக இருந்தாள். அங்கே போய்ப் படித்து, முதல் வருசம் ஒரு காபிக் கடை கவுண்டரில் நின்றாள். அப்புறம் ஒரு துணி மொத்த வியாபாரக் கிடங்கில் கொள்முதல் பிரிவில் இடம் கிடைத்து, அதில் ஒரு வருசம் முடித்துவிட்டாள். ஒரு நாள் ராத்திரி போனில் அவள் மார்க்கைக் கூட்டிக் காட்டினாள். வயசு 29, அதற்கு 110. படிப்புக்கு 128. ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் ஒன்பதாம் நிலை, 124. கனடாவில் ஒரு வருச வேலைக்கு 40. அங்கே படித்ததற்கு 15. படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்து நன்றாக இருப்பதற்கு 50. மொத்தம் 467. திருப்பூரில் வேலை பார்த்த மூன்று வருசத்தைக் கணக்கில் காட்டினால் இன்னும் 50 ஏறி 517. காட்டிவிட்டுக் கடிதம் வைக்காமல் விட்டால் விண்ணப்பமே நிற்காது. முப்பது வயசு ஆன அன்றைக்கு அதில் 5 குறைந்துவிடும்.

"சார், அந்த லெட்டர் வந்தாத்தானுங் நான் வாசல்லயே நிக்க முடியும்" என்றாள்.

இத்தனை காலம் மூன்று வரி டைப் அடித்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்துக்கு இப்படி ஒரு எடையா என்று எனக்கு மலைப்பாகப் போய்விட்டது.

அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்க எண் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டாவது இலக்கம்தான் தலையெழுத்து. பூச்சியத்திலிருந்து மூன்று வரை இருந்தால் அந்த வேலை கணக்கில் சேரும். நான்கும் ஐந்தும் சேராது. காபிக் கடைக் கவுண்டர் வேலையின் எண் 65201. இரண்டாவது இலக்கம் ஐந்து. ஆகவே அவள் பனியில் நடந்துபோய் நின்ற அந்த முதல் வருசத்துக்கு மார்க் இல்லை. அதே கடையில் சூப்பர்வைசராக இருந்திருந்தால் 62020, சேர்ந்திருக்கும். இதிலும் வெறும் பதவிப் பெயரைப் பார்த்துவிட்டு நகர்வதில்லை. செய்த வேலை என்ன என்பதைத்தான் படிக்கிறார்கள்.

அப்படியானால் அவள் இங்கே என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். பழைய ஃபைலில் ஆஃபர் லெட்டரும் ஆதார் நகலும்தான் இருந்தன. புரொடக்‌ஷன் மேனேஜரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அந்தப் புள்ளையா? எல்லாந்தான் பாக்கும்" என்றார். எல்லாம் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பையரின் ஆர்டர் ஷீட்டைப் படித்து நூல் எத்தனை கவுண்ட், துணி எத்தனை ஜி.எஸ்.எம். என்று முடிவு செய்வது. ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி ஆகும் என்று கணக்குப் போட்டு விலை கொடுப்பது. நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று வெளியே ஜாப் ஒர்க் போனதைத் துரத்துவது. நிறத்துக்கு லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய சின்னத் துணி மாதிரி, அனுப்பி ஒப்புதல் வாங்குவது. பட்டன், லேபிள், பாலிபேக் சப்ளையரிடம் பேரம் பேசி ஆர்டர் போடுவது. கடைசியில் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் ஏறுகிறவரை நிற்பது. எழுதி முடித்ததும் அவரே வாங்கிப் படித்துவிட்டு, "இதுக்கு இன்னும் பத்தாயிரம் சேர்த்துக் குடுத்திருக்கலாமுங்க" என்றார். ஆள் போன பிறகுதான் நமக்கு இதெல்லாம் தெரிகிறது.

ஏஜென்சிகள் இந்த இடத்தில் ஒரு வேலை செய்கின்றன. கனடா அரசே அந்த எண்ணுக்குப் போட்டிருக்கும் வேலைப் பட்டியலை வரிக்கு வரி எடுத்து, "இதை அப்படியே லெட்டர்ஹெட்டில் போட்டுக் கொடுங்க சார்" என்று அனுப்பும். நான் போடுவதில்லை. அவர்கள் எழுதியதையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினால் படிக்கிற அதிகாரிக்குத் தெரியாதா? லேப் டிப் என்று ஒரு வரி இருந்தால், இது டையிங் வாசனை பார்த்த ஆள்தான் என்று எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்.

மணி நேரம் இன்னொரு சிக்கல். திருப்பூரில் யாரும் மணியில் பேசுவதில்லை, ஷிப்டில்தான் பேசுகிறோம். ஒரு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம், ஒன்றரை என்றால் பன்னிரண்டு. ஷிப்மெண்ட் நேரத்தில் இரண்டு ஷிப்டும் உண்டு. கனடாக் கணக்கில் வாரம் 30 மணி நேரம் என்றால் முழுநேர வேலை. அதற்கு மேல் எவ்வளவு பார்த்தாலும் எண்ணிக்கை கூடாது. ஒரு பையன் என்னிடம் சண்டைக்கே வந்தான். வாரத்துக்கு அறுபது மணி நேரம் பார்த்தேன், ஒன்றரை வருசத்தை மூன்று வருசமாக எழுதுங்கள் என்கிறான். அது நடக்காதுப்பா, வருசம் வருசமாகத்தான் கழிய வேண்டும் என்று சொன்னால் நம்பவில்லை. பாதி ராத்திரி வரை செக்கிங் டேபிளில் நின்றதெல்லாம் வீணா என்றான். பி.ஆர். கணக்குக்கு வீண்தான். வேறு என்ன சொல்ல?

சம்பள வரியை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும். எங்கள் கம்பெனியில் அன்றைக்கு ஒரு பங்கு பேங்கில் போகும், இன்னொரு பங்கு கவரில் வரும். ஊரில் பல இடத்தில் அப்படித்தான். முழுச் சம்பளத்தையும் எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் பேங்க்கிலும் பி.எஃப்.பிலும் ஏறிய தொகையை மட்டும் எழுதுகிறேன். இங்கே வாங்கிய சம்பளத்துக்கு அங்கே மார்க் கிடையாது. கடிதமும் பாஸ்புக்கும் ஒத்துப்போனால் போதும். இதை ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. கவரில் வாங்கியவர்களுக்குக் கசக்கிறது, எனக்குத் தெரியும். அந்தக் கசப்பு கனடாவால் வந்தது இல்லை.

பொய்க் கடிதம் கேட்டு வருவதும் உண்டு. முதலாளி வகையறாவில் ஒரு பையன். ஆறு மாசம் சும்மா வந்து போனதை இரண்டு வருசமாக்கி, சூப்பர்வைசர் என்று போடச் சொல்லி வீட்டுப் பெரியவர்களை விட்டுப் பேச வைத்தான். பி.எஃப். இல்லை, வருகைப் பதிவு இல்லை. பொய் என்று கண்டுபிடித்தால் 5 வருசத்துக்கு அந்த நாட்டுப் பக்கம் போக முடியாது, விண்ணப்பமும் போட முடியாது என்று முதலாளியிடமே சொன்னேன். "நம்ம பேரும் கெடுமாங்க?" என்று கேட்டார். கெடும் என்றேன். அதோடு நின்றது. அந்த வீட்டு விசேசத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை, போகட்டும்.

முதலாளிக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. நாம் தொழில் கற்றுக்கொடுத்து, நாமே லெட்டரும் கொடுத்து அனுப்பி வைக்கிறோமா என்பார். நியாயமான வருத்தம்தான். ஆனால் கடிதம் கொடுக்காவிட்டால் அவர்கள் திரும்பி வந்து நம் டேபிளில் உட்காரப் போவதில்லை.

இந்த எண்களையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகத்தில் தையலைத் தேடிப் பார்த்தேன். தொழிற்சாலைத் தையல் மெஷின் ஓட்டுகிறவர் 94132. இரண்டாவது இலக்கம் நான்கு. சேராது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மெஷின் ஓட்டி இந்த ஊரையே தூக்கி நிறுத்துகிற டெய்லருக்கு அந்தக் கணக்கில் ஒரு மார்க்கும் இல்லை. அவர் தைத்த பனியனைப் பற்றி மெயில் எழுதுகிறவருக்கு ஐம்பது. துணி மடித்துக் கொடுக்கிற கைமடி ஆளுக்கும் பிசிர் வெட்டுகிறவருக்கும் சொல்லவே வேண்டாம். கனடாக்காரனைத் திட்டலாம் என்று பார்த்தால், நம் கம்பெனி கேண்டீனில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது ஞாபகம் வந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

கடிதத்தை வாங்க முத்தூர்ப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். ஸ்கேன் அனுப்பினால் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஒரிஜினல் தன் கையில் இருக்க வேண்டுமாம். தேங்காய் நான்கு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங் சார், பி.ஆர். வாங்கிட்டா புள்ள அந்த ஊர்க்காரியா ஆயிருவாளா? தோட்டத்துல பங்கு இல்லாமப் போயிருமுங்களா?"

இது நிறைய வீடுகளில் வெளியே சொல்லாத பயம். பி.ஆர். என்றால் தங்கும் உரிமைதான், பாஸ்போர்ட் இந்தியாவுடையதுதான், 5 வருசத்தில் 730 நாள் அங்கே இருந்தால் உரிமை நிற்கும் என்றேன். தோட்டம் விஷயம் வேறு சட்டம். வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டவர்கள் விவசாய நிலத்தைக் கிரயம் வாங்க முடியாது, தானமாகவும் வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். பி.ஆர். வந்தாலும் வராவிட்டாலும் இதுதான் நிலைமை, உயில் எழுதுவதாக இருந்தால் வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பாதி தெளிந்த முகத்தோடு போனார். தேங்காயைத் திருப்பிக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார் என்று வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. காகிதமெல்லாம் ஏற்றிவிட்டாள், முடிவு இன்னும் வரவில்லை. கடிதத்தில் என் பெயரும் ஆபீஸ் போன் நம்பரும் இருப்பதால், சரிபார்க்க அங்கிருந்து கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு மதியம் என்றால் நமக்கு நடுராத்திரி ஆகிவிடுகிறது. ஆகவே ராத்திரி வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்கச் சொல்லி.

"இங்கிலீசுல பேசுனா என்னுங் பண்றது?"

"என் செல் நம்பரை மட்டும் சொல்லீருங்க. ஒவ்வொரு நம்பரா, மெதுவா."

சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியாகிவிட்டது. எண்களை இங்கிலீசில் எப்படிச் சொல்வது என்று தமிழில் எழுதி, அதற்கும் கீழே ஒட்டியிருக்கிறார்.