ஆடிக்கு முன் வந்த வாடகைப் பேச்சு

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. காலை பத்து மணிக்கு ஹவுஸ் ஓனர் மாடிப்படி ஏறி வந்தார். வழக்கமாக அவர் மேலே வருவது தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க. அப்போதெல்லாம் கைலிதான். அன்றைக்கு வேட்டி, சட்டை. சட்டைப்பையில் நான்காக மடித்த கோடு போட்ட காகிதம். காபி வேண்டாம் என்று வேறு சொன்னார். வாடகை ஏறப்போகிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மடிப்பாக்கத்தில் இந்த வீட்டுக்கு 2021-ல் குடிவந்தோம். முதல் மாடி, இரண்டு பெட்ரூம், அட்வான்ஸ் ஒரு லட்சம், வாடகை 12,500. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அக்ரிமென்ட். நடுவில் இரண்டு தடவை ஐநூறு ஐநூறாக ஏற்றி 13,500-ல் நின்றிருந்தது.

"அக்ரிமென்ட் ஜூலையோட முடியுதும்மா. ஆகஸ்ட்லேர்ந்து பதினாறாப் போட்டுடலாம்."

ஒரே தாவலில் 2,500. காகிதத்தைப் பிரித்தார். பென்சிலால் எழுதிய மூன்று வரி. பின் தெருவில் இதே அளவு வீடு பதினெட்டுக்குப் போகிறது. வீட்டு வரி ஏறிவிட்டது. மெட்ரோ வருகிறது.

பின் தெரு வீடு எனக்கும் தெரியும். போர்டில் இருந்த நம்பருக்குப் போன வாரமே பேசிவிட்டேன். பதினேழு சொன்னார்கள், அதுவும் கார் நிறுத்த இடத்தோடு, லிஃப்டோடு. முக்கியமான விஷயம், அந்த டு-லெட் போர்டு சித்திரையிலிருந்து தொங்குகிறது. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துப்போய், நம்பரின் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியாமல் இரண்டு பேருக்குப் போன் போட்டேன். "பதினெட்டு கேக்கறாங்க சார், ஆனா யாரும் வரலையே" என்றேன். மெட்ரோவுக்கு, "ரயில் ஓடற அன்னிக்குக் கேளுங்க சார், இப்போ வந்திருக்கறது தூசிதான்" என்றேன். சிரித்துவிட்டார். ஒரு வரியை அடித்தார். வீட்டு வரி விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏறியது உண்மைதானே.

சட்டம் பேசியிருக்கலாம். தமிழ்நாட்டில் வாடகைக்கான புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அக்ரிமென்டை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் கொடுத்திருப்பது ஏழு மாதத்துக்கும் மேல், பதிவும் கிடையாது. ஆனால் ஒரே கேட்டில் நுழைந்து ஒரே சம்ப் தண்ணீரைக் குடிக்கும் இடத்தில், சட்டத்தை எடுத்துவிட்டால் அடுத்த பதினொரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேற வேண்டும். அதனால் எங்கள் அக்ரிமென்டையே எடுத்துக் காட்டினேன். ஐந்து சதவீதம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கணக்குப் பார்த்தால் 675 ரூபாய்.

"போன தடவை நான் ஏத்தவே இல்லையேம்மா" என்றார்.

அதுவும் சரிதான். ஏன் ஏற்றவில்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அவரும் அவர் அம்மாவும் இரண்டு ராத்திரி எங்கள் ஹாலில்தான் படுத்திருந்தார்கள். கரன்ட் இல்லை, கேஸ் மட்டும் இருந்தது. மூன்று வேளையும் உப்புமா. அதைச் சொல்லிக்காட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

காலி செய்தால் எனக்கு என்ன செலவு என்று முந்தின ராத்திரியே எழுதி வைத்திருந்தேன். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பெயின்ட்டுக்கென்று அட்வான்ஸில் ஒரு மாதம் பிடிப்பார். டெம்போ, ஆள் கூலி. எப்படியும் முப்பத்தைந்தாயிரத்தைத் தொடும். அவர் கேட்ட 2,500-ஐப் பதினொரு மாதம் கொடுத்தால் 27,500. ஆக, அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு இருப்பதுதான் மலிவு! ஆனால் அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி என்றால் ஆடி பாதி. ஆடியில் யார் குடிவருவார்கள்? வீட்டைப் பூட்டிப்போட்டு, வெள்ளையடித்து, ஆவணியில் ஆள் தேட வேண்டும். ஒரு மாத வாடகை நிச்சயம் போச்சு.

சிக்கல் என்னவென்றால் ஆடியில் நாங்களும் வீடு மாற மாட்டோம். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது, என் மாமியாருக்கு உண்டு. அவர் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நாங்க ஆடியெல்லாம் பாக்கறதில்லை சார்" என்று கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். உள்ளே முறம் தட்டும் சத்தம் ஒரு விநாடி நின்று மறுபடி தொடங்கியது. அத்தை வெளியே வரவில்லை. அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஓனர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "பதினஞ்சு" என்றார். நான் கரன்ட் பில்லை எடுத்தேன். மாடியில் இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே ஈபி கனெக்‌ஷன். எங்களுக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். தனி கனெக்‌ஷன் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் அரசாங்கமே கொடுக்கும். இங்கே இரண்டு வீட்டு யூனிட்டும் ஒன்றாகக் கூடுவதால் மேல் ஸ்லாபுக்கு வேறு தாவுகிறது. "வாடகையில ஏத்திக்கோங்க சார், ஆனா கரன்ட்டுல குறைங்க" என்றேன்.

வாடகை 14,500, யூனிட் ஏழு ரூபாய், அட்வான்ஸ் ஏறாது, சமையலறை சிங்க் குழாயை அவர் செலவில் மாற்றித் தருவார். இப்படி முடிந்தது. அதற்கப்புறம்தான் காபி கேட்டார்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும், "அக்ரிமென்ட் படி 14,175 தானே, முந்நூத்தி இருபத்தஞ்சு விட்டுட்டியே" என்றார். இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட் ஓடுகிறது, யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் மிச்சம், ஆக மாதம் முந்நூறு திரும்பி வருகிறது என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"இன்னும் இருபத்தஞ்சு ரூபாய் உதைக்குதே?"