வெறும் பெட்டி பூச்சியமில்லை

கிளிநொச்சியில கமக்காரர் பதிவுகளை கொம்பியூட்டரில ஏத்திற வேலைக்கு வந்தாப்பிறகுதான் டேட்டாபேஸிட்டக் கேள்வி கேக்கிற மொழியான எஸ்கியூஎல் (SQL) பழகத் தொடங்கினன், அதுவரைக்கும் எக்செல்தான். என்னத்தை எடுக்கிறது எண்டு சொல்லுற செலக்ட், எந்த டேபிளில எண்டு சொல்லுற ஃப்ரொம், எந்த வரியளை எண்டு சொல்லுற வெயார் மூண்டும் கெதியாப் பிடிபட்டிட்டுது, வரியளைக் கூட்டங் கூட்டமாச் சேர்க்கிற குரூப் பை கொஞ்சம் இழுத்தடிச்சது. ஆனா என்னை உண்மையா யோசிக்க வச்சது 'நல்' (NULL) தான், அதாவது ஒண்டும் பதியாத வெறும் பெட்டி.

வயசு போன ஆக்களுக்கு ஒரு உதவி குடுக்க 1960க்கு முதல் பிறந்த கமக்காரர் எத்தினை பேரெண்டு கேட்டிருந்தவை. பிறந்த வருசம் 1960க்குக் குறைவு எண்டு ஒரு குவெரி (கேள்வி), 1960 அல்லது அதுக்கு மேல எண்டு இன்னொண்டு, ரெண்டையும் கூட்டிப் பாத்தா மொத்தத் தொகை வரேல்லை. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பாத்திட்டு "தம்பி, இஸ் நல் போட்டுப் பாரும்" எண்டவ, பெட்டி வெறுமையாக் கிடக்கிற வரியளை எடுக்கிற நிபந்தனை அது. மிச்ச ஆக்கள் எல்லாரும் அதுக்குள்ளதான். 2009ல இடம்பெயரேக்க பிறப்பத்தாட்சிப் பத்திரம் துலைச்சிட்டு பிறகும் கொப்பி எடுக்க ஏலாமப் போன ஆச்சிமார், அப்புமார், படிவத்தில அந்த இடத்தை அப்பிடியே விட்டவை. இந்த 'நல்'லை எந்த எண்ணோட ஒப்பிட்டாலும் விடை தெரியாது எண்டுதான் வரும், உண்மை எண்டு வந்த வரியை மட்டும்தான் வெயார் எடுக்கும், அதால இவை ரெண்டு குவெரியிலயும் இல்லை. உதவி ஆருக்கு முதல் போகோணுமோ அவைதான் லிஸ்டில இல்லாமப் போயினம், உது சின்ன விசயமே?

அடையாள அட்டை இலக்கம் இருந்த ஆக்களுக்கு வழி கிடைச்சுது. பழைய அட்டையில முதல் 2 இலக்கம், புது 12 இலக்க அட்டையில முதல் 4 இலக்கம் பிறந்த வருசம், அதை வெட்டி எடுக்க சப்ஸ்ட்ரிங் பழகினன். அதுவும் இல்லாதவையின்ர பேரை ஊர்வாரியா அடுக்க ஓடர் பை போட்டு எடுத்து கிராம சேவகரிட்டக் குடுத்தம், நேரில கேட்டாத்தானே தெரியும்.

காலபோக விளைச்சலிலயும் இதே கதைதான். 0 எண்டா வெள்ளம் வந்து முழு வயலும் அழிஞ்சுபோச்சு, வெறும் பெட்டி எண்டா ஒருத்தரும் போய்க் கேக்கேல்லை. ரெண்டையும் ஒண்டாக்கினா சராசரியும் பிழைக்கும், நட்டஈட்டுக் கணக்கும் பிழைக்கும். 1970ல ஐபிஎம்மில இருந்து இந்த டேபிள் முறையை எழுதின எட்கர் கொட், 1985ல போட்ட விதிகளில மூண்டாவதே இதைப் பற்றித்தான், தெரியாத பெறுமதியை பூச்சியத்தோடயும் ஒரு எழுத்தும் இல்லாத எழுத்துத்தொடரோடயும் சேர்க்காமத் தனியா வச்சிருக்கோணும். எங்கட ஊர் டேட்டாவுக்கெண்டே எழுதின மாதிரிக் கிடக்கு எனக்கு.

ரிப்போட்டில வெறும் பெட்டி கிடந்தா வடிவில்லை, கோஅலெஸ் போட்டு 0 ஆக்கிவிடு எண்டு இப்பவும் சொல்லுவினம். நான் ஆக்கிறேல்லை. எல்லா வரியளையும் எண்ணுற கவுண்ட் ஸ்டாரில இருந்து, அந்தக் கொலத்தில (நிரலில) நிரம்பின பெட்டியளை மட்டும் எண்ணுற கவுண்டைக் கழிச்சு, 'இன்னும் விசாரிக்காதவை' எண்டு பக்கத்தில தனிக் கொலமாப் போட்டுத்தான் அனுப்புறன்.