எஃப்5 அடித்தால் சேவ் ஆகணும், தம்பி

2007 ஜூன் 30, சனிக்கிழமை ராத்திரி. விடிந்தால் சிங்கப்பூரில் ஜிஎஸ்டி வரி 5 சதவீதத்திலிருந்து 7 ஆகிறது. நான் சட்டைப்பையில் ஒரு தம்ப் டிரைவோடு தேக்கா வட்டாரத்தில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் அது, கடைக்கு இரண்டு மூன்று கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் புது எக்ஸ்இ ஃபைலைப் போட வேண்டும். வரி விகிதத்தை டேட்டாபேஸ் டேபிளில் வைக்காமல் புரோகிராம் கோடுக்குள்ளேயே 0.05 என்று எழுதி வைத்த புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள். ஒரு கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் காணவில்லை என்று அடம்பிடித்து, முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருக்க, மணி ஒன்றரை ஆகிவிட்டது.

அன்றைக்கே முடிவு செய்தேன், எல்லாவற்றையும் பிரவுசருக்குக் கொண்டுபோய்விட வேண்டியதுதான் என்று.

அதற்கு முன்னால் வெப்பில் பில் போடச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஒரு ஐட்டம் சேர்த்தால் பக்கம் முழுக்க வெள்ளையாகி மறுபடி வரும். இதற்கு மருந்து 1999-லேயே இருந்தது. அவுட்லுக்கைப் பிரவுசரில் ஓட்டுவதற்காக மைக்ரோசாஃப்ட்காரர்கள் செய்த எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற வசதி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் வந்தது. பக்கம் அப்படியே நிற்கும், வேண்டிய தகவல் மட்டும் பின்னால் போய் வரும். ஆனால் 2004-இல் ஜிமெயிலும் அடுத்த வருஷம் கூகுள் மேப்ஸும் வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு உறைத்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அதற்கு அஜாக்ஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்.

சரி, மாற்றினேன். ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கும் அக்காதான் முதலில் உட்கார்ந்தார். பழைய மென்பொருளில் அவர் பில் போடுவதைப் பார்க்க வேண்டுமே! எஃப்2, வாடிக்கையாளர் கோடு, என்டர், ஐட்டம், என்டர், எண்ணிக்கை, என்டர். கண் சீட்டில், விரல் நம்பர் பேடில், திரையைப் பார்ப்பதே கிடையாது. புதியதில் பதினான்கு வரி அடித்தவர், பெட்டிக்கு வெளியே கர்சர் இருப்பது தெரியாமல் பேக்ஸ்பேஸைத் தட்ட, பிரவுசர் முந்தைய பக்கத்துக்குப் போய்விட்டது. பில் காலி. மறுபடி முழுக்க அடித்து, பழைய பழக்கத்தில் சேவ் செய்ய எஃப்5 அடித்தார். பக்கம் ரிஃப்ரெஷ் ஆகி அதுவும் போச்சு.

"என்ன தம்பி, பழசுல எஃப்5 அடிச்சா சேவ் ஆகும், இது முழுங்குதே?"

ஒரு வாரம் இந்தக் கீபோர்டு வேலையைத்தான் பார்த்தேன். பேக்ஸ்பேஸைத் தடுத்து, எஃப்5-ஐ மறித்து சேவுக்குத் திருப்பி, என்டர் அடித்தால் அடுத்த பெட்டிக்குத் தாவும்படி செய்து, அடித்த ஒவ்வொரு வரியும் உடனே சர்வருக்குப் போய்ச் சேர வைத்தேன். (பேக்ஸ்பேஸ் தொல்லையை குரோம் 2016-இல்தான் எடுத்தது.) அப்படியும் பழைய வேகம் முழுசாக வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வெப் ஜெயித்ததற்கு, தம்ப் டிரைவோடு எவனும் அலைய வேண்டாம் என்பதே எனக்குப் போதுமான காரணம். 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் (கோவிட் முடக்கம்) வந்தபோது அக்கா ஈசூன் வீட்டிலிருந்தபடியே பில் போட்டார், அது நான் திட்டமிடாத லாபம்.

2024 ஜனவரி 1, ஜிஎஸ்டி 8-லிருந்து 9. டேபிளில் தேதியோடு ஒரு வரி, முந்தைய வாரமே சேர்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்: டிசம்பர் பில்லுக்கு இப்போ கிரெடிட் நோட் போட்டா 8-ஆ, 9-ஆ? 8 தான் அக்கா, பழைய பில்லின் விகிதத்தை அதுவே எடுத்துக்கொள்ளும், எஃப்5 அடிங்க என்று பதில் போட்டேன்.