எங்கள் மீனுக்குக் கிடைத்த பிடிச் சான்றிதழ்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு பலநாள் படகு இருக்கிறது. பதிவு இலக்கம் ஐஎம்யூஎல் என்று தொடங்கி டீசீஓ என்று முடியும். டீசீஓ என்றால் திருகோணமலை. மாமாதான் தண்டயல், அதாவது படகை நடத்துபவர். நான் கடலுக்குப் போவதில்லை, படகின் கடதாசி வேலை முழுக்க என் பொறுப்பு.

ஐரோப்பாவுக்குப் போகும் மீனுக்குப் பிடிச் சான்றிதழ் வேண்டும். 2010 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். எந்தப் படகு, எந்த மீன், எவ்வளவு, எந்தக் கடல் என்று அதில் இருக்கும். ஏற்றுமதிக் கம்பனி விண்ணப்பிக்கும், கடற்றொழில் திணைக்களம் உறுதிப்படுத்தும். ஆனால் அதில் ஏறும் விபரம் எல்லாம் எங்கள் படகிலிருந்துதான் போக வேண்டும். ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு இங்கே போதாது என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனையே நிறுத்தியது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. அந்தக் காலத்தில் விலை இறங்கியதை அப்பா இன்னும் மறக்கவில்லை.

வாடை ஓய்ந்த பிறகு போன முதல் பயணம். புறப்படும் முன் நடக்கும் பரிசோதனையில் சிக்கல் இல்லை. ஆழ்கடல் உரிமம், ஆட்களின் அடையாள அட்டை, ஆயிரங்கால் தூண்டில் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிய தூண்டில்கள்), படகு நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி என்று எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

சிக்கல் லொக் புத்தகத்தில், அதாவது படகில் எழுதும் பிடிப் பதிவேட்டில் வந்தது. தூண்டில் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் இடம், நேரம், தூண்டில்களின் எண்ணிக்கை, மீன் வகை, எடை எழுத வேண்டும். மாமா எல்லாவற்றையும் திரும்பி வரும் வழியில், நினைவிலிருந்து எழுதியிருந்தார். லொக்கில் கெலவல்லா என்ற மஞ்சள் துடுப்புச் சூரை 600 கிலோ, தராசில் 740. அலுவலர் கோபப்படவில்லை. "கணக்கு ஒத்துவராமல் நான் எப்படித் தம்பி ஒப்பமிடுவது?" என்று கேட்டார். விளக்கம் எழுதிக் கொடுத்து, திரும்பத் திரும்பப் பார்த்து முடிவதற்குள் கம்பனி லொறி புறப்பட்டுவிட்டது. நல்ல மீன், ஐசில் கிடந்த மீன், ஊர்ச் சந்தை விலைக்குப் போனது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் கேட்டது நியாயம் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். எவ்வளவு பிடிக்கிறோம் என்று தெரியாமல் கடலில் எவ்வளவு மிச்சம் என்று எப்படிச் சொல்வது? சரி, சுமை மட்டும் சின்னப் படகுக்காரன் தலையில் கூடுதலாக இறங்குகிறது. கம்பனிக்குக் கணக்குப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். மாமாவுக்கு இருந்தது அரைத் தூக்கமும் ஈரக் கையும்.

அடுத்த பயணத்துக்கு முன் நானும் மாமாவும் உட்கார்ந்து பேசினோம். லொக் புத்தகத்துக்குத் தடித்த பொலித்தீன் உறை, கயிற்றில் கட்டிய இரண்டு பேனா, கை துடைக்க ஒரு பழைய சாரம். எழுதும் வேலை எனது மச்சானுக்கு, சரிபார்ப்பது மாமா. "எழுதினால் மீன் கூடுமா தம்பி?" என்று மாமா கேட்டார். "கூடாது மாமா, ஆனால் விலை கூடும்" என்றேன். ஐரோப்பா 2017 மேயில் நாட்டுக்குத் திருப்பித் தந்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை பற்றியும் சொன்னேன். அது 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு மதிப்பதில் தங்கியிருக்கிறது. அழியும் உயிரினங்களைக் காப்பதும், காலநிலை மாற்றமும் அவற்றில் உண்டு. மாமா கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

அந்தத் தடவை லொக்குக்கும் தராசுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். பிரதிகளை அன்றே கம்பனிக்கு அனுப்பினேன், சில நாளில் சான்றிதழ் உறுதியானதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பாவில் இறக்குமதி செய்கிறவர்கள் இந்தச் சான்றிதழ்களை மின்னணு முறையில்தான் சமர்ப்பிக்க வேண்டும். அதனால் இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் படகு வந்த உடனே படமெடுத்து வைக்கிறேன்.

அப்படி எடுக்கும்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. மச்சானுடைய எழுத்து இல்லை, மாமாவுடைய கோணல் எழுத்து, உப்புநீரில் மை கலங்கியிருந்தது. இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழுவின் விதிப்படி படகில் வைத்திருக்கக் கூடாத நீள்வால் சுறாவைப் பற்றிய வரி அது: "நீள்வால் சுறா 1. உயிரோடு விட்டது. காலை 4.20."